ஏழாவது கோரிக்கை

பொருநையூர் பெரிய பஜார் வணிகர் சங்கம் ஆண்டுதோறும் மாநகராட்சிக்குப் பத்துக் கோரிக்கைகள் எழுதி அனுப்பும். அவற்றில் மூன்றுதான் சங்கத்துக்கு உண்மையில் வேண்டியவை. மற்றவை எல்லாம் விட்டுக்கொடுப்பதற்காகவே எழுதப்பட்டவை.

இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. ஆணையராக யார் இருந்தாலும் பட்டியலைக் கையில் வாங்கியதும் முகத்தைச் சுளிப்பார், இதெல்லாம் நடக்கிற காரியமா என்பார். சங்கத்தார் உடனே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பெரிய மனது பண்ணி, ஒவ்வொன்றாக விட்டுக்கொடுப்பார்கள். கடைசியில் சாக்கடையும் தெருவிளக்கும் மின்மாற்றியும் மிஞ்சும். ஏழு கோரிக்கைகளை மறுத்துவிட்ட பெருமை ஆணையருக்கு, மூன்றை வாங்கிவிட்ட திருப்தி சங்கத்துக்கு. இரண்டு தரப்பும் காபி குடித்துவிட்டுச் சந்தோஷமாகக் கலைந்துபோவார்கள்.

அந்தப் பட்டியலை எழுதுவதில் செயலாளர் ஆறுமுகநயினாரை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் குத்துவிளக்கும் இட்லிக் கொப்பரையும் விற்கிறவர். வாடிக்கையாளர் வாசலில் செருப்பைக் கழற்றும் தினுசைப் பார்த்தே எவ்வளவு ஏற்றிச் சொல்லலாம் என்று முடிவு செய்துவிடுவார். விட்டுக்கொடுக்கும் கோரிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் ஓர் அளவு இருந்தது. கேட்டதும் எதிராளிக்குப் பகீரென்று இருக்க வேண்டும், ஆனால் சிரிப்பு வந்துவிடக் கூடாது. குடிதண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில், நாற்சந்தியில் வண்ண நீரூற்று வேண்டும் என்று எழுதியவர் அவர்தான்.

ஏழாவது கோரிக்கை மட்டும் எந்த வருடமும் மாறாது. பஜாரின் நடைபாதைக் கடைகள் அனைத்தையும் அகற்ற வேண்டும் என்பது அது. இதை மறுப்பது ஆணையர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இல்லாதவர்கள் வயிற்றில் நான் அடிக்க மாட்டேன் என்று ஒரு குட்டிப் பிரசங்கம் செய்வார்கள். அந்த நல்ல மனநிலை கலைவதற்குள் சாக்கடைக்குக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். நயினார் கண்டுபிடித்த வழி இது, அதில் அவருக்கு ஏகப்பட்ட கர்வம்.

நயினார் கடை வாசலில், வலது பக்கத் தூணை ஒட்டிப் பூக்கூடையோடு உட்கார்ந்திருப்பவள் வெயிலுகந்தாள். கடை திறந்த வாரத்திலேயே வந்து உட்கார்ந்தவள். மல்லிகை, எலுமிச்சை, வெற்றிலை. இந்தக் கூடையை வைத்தே இரண்டு பெண்களைப் படிக்கவைத்துவிட்டாள். பட்டியல் எழுதி முடிக்கும் நாள் அவளுக்கும் தெரியும்.

"இந்த வருசமும் என்னைய எழுதிட்டீகளா அண்ணாச்சி?"

"எழுதாம இருப்பனா? ஏழாம் நம்பர்ல இருக்க. பயப்படாத வெயிலு, பேரத்துக்குத்தான்."

"சரி, நல்லாப் பேசி நல்ல வெலைக்கு வித்துட்டு வாங்க" என்பாள். இருவரும் சிரித்துக்கொள்வார்கள். மத்தியானத்தில் அரை மணி நேரம் அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்வருவாள். அப்போது கூடைக்கு நயினார்தான் காவல். இரண்டு முழம் பூக்கூட அளந்து கொடுத்திருக்கிறார். எங்கே போகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. டீ குடிக்கப் போகிறாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

அந்த வருடம் பட்டியலை வாங்க ஆணையர் இல்லை. அவருக்குப் பதில் நகரமதி வந்திருந்தது.

மாநகராட்சிகளில் ஆளும் இல்லை, நேரமும் இல்லை, கோப்புகள் மட்டும்தான் இருக்கின்றன என்று அரசு ஒரு புதுச் சட்டம் போட்டிருந்தது. ஊரில் எது முதலில் நடக்க வேண்டும் என்பதைப் பதிவு பெற்ற வணிக, தொழில் சங்கங்கள் சொல்லும். நகரமதி என்ற இயந்திர மூளை அதை நடத்திக் கொடுக்கும். அதன் ஏவலுக்கு, ஓட்டுநர் இல்லாமல் ஓடும் இருநூறு மஞ்சள் வண்டிகள். அவை தோண்டும், தூக்கும், பூசும், விளக்கு மாட்டும். இதையெல்லாம் விளக்கிச் சொல்ல மாநகராட்சியிலிருந்து ஜெபசெல்வி என்ற பொறியாளர் சங்கக் கட்டடத்துக்கு வந்தாள்.

சங்கத் தலைவர் அய்யம்பெருமாளுக்கு மூன்று மாடித் துணிக்கடை. அவர் கேட்ட முதல் கேள்வி, இதனிடம் யார் போய்ப் பேச வேண்டும் என்பதுதான்.

"யாரும் பேச வேண்டாம் ஐயா. பட்டியலைக் குடுத்தாப் போதும். ஒவ்வொண்ணும் முடியுமா முடியாதான்னு பாக்கும். முடியும்னா செஞ்சிரும்."

"மாட்டேன்னு சொல்லாதா?"

"முடியலன்னா முடியலன்னு சொல்லும். மாட்டேன்னு சொல்ல அதுக்கு அதிகாரம் இல்ல. ஒரு கோரிக்கையால யாருக்காவது பாதிப்பு வரும்னா மட்டும் மூணு தடவை கேக்கும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல பத்து நிமிசம் யோசிக்க விடும். அந்த நேரத்துல நல்லா யோசிச்சிக்கிடுங்க."

இத்தனை பேச்சிலும் நயினார் காதில் விழுந்தது ஒன்றுதான். மூன்று தடவை கேட்கும். அப்படியானால் இதுவும் பேரம் பேசுகிற ஜாதிதான் என்று அவருக்கு ஏக நிம்மதி.

பட்டியல் கொடுக்கும் நாளில் சங்கக் கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வடை, சுக்குக் காபி, சுவர் நிறையப் பெரிய திரை. நயினார் சந்தனப் பொட்டோடு திரைக்கு எதிரே உட்கார்ந்தார். முதல் ஆறு கோரிக்கைகளையும் நகரமதி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. ஏழாவது வந்ததும் நின்றது.

"இதனால் எழுநூற்றுப் பன்னிரண்டு பேரின் பிழைப்பு இடம் மாறும். உங்களுக்கு இது உண்மையிலேயே வேண்டுமா?" என்று கேட்டது. குரல் மிக மரியாதையாக இருந்தது.

நயினார் புன்னகைத்தார். பாத்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, கனமே இல்லையே என்று முதல் முனகல் முனகும் வாடிக்கையாளரை அவர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார். முதல் முனகலுக்கே இறங்கினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். 'ஆம்' என்ற பொத்தானை அழுத்தினார். யோசிக்கக் கிடைத்த பத்து நிமிடத்தில் எல்லோரும் வடை சாப்பிட்டார்கள்.

இரண்டாம் முறையும் அதே கேள்வி வந்தது. "பாத்தீகளா அண்ணாச்சி, இறங்கி வருது" என்று தலைவரின் காதில் சொல்லிவிட்டு மறுபடியும் அழுத்தினார். அடுத்த பத்து நிமிடத்தில் காபி வந்தது. மூன்றாம் கேள்வி கேட்டு முடிவதற்குள்ளேயே நயினார் பொத்தானை ஓங்கி அழுத்தினார். கூடம் கைதட்டியது.

"நன்றி. பதிவாகிவிட்டது" என்றது நகரமதி. எட்டாவதுக்குப் போய்விட்டது.

மறுப்புக் கடிதம் பின்னால் வரும் என்று எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். வந்தவை மஞ்சள் வண்டிகள்.

மூன்றாம் நாள் விடிந்தபோது, வருடாவருடம் கையெழுத்தோடு நின்றுபோன பஜார்ச் சாக்கடை மூடப்பட்டிருந்தது. முப்பது வருடமாக மூக்கைப் பொத்திக்கொண்டு வியாபாரம் செய்தவர்கள் கையை எடுத்துவிட்டு மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். அடுத்த நாள் விளக்குகள். அதற்கடுத்த நாள் பஜாருக்கென்றே தனி மின்மாற்றி. நான்காவது கோரிக்கை சும்மா எழுதியது, கடைக்கு முன்னால் ஆறடி இடம் சங்க உறுப்பினருக்கே உரிமை என்று. அதையும் கொடுத்துவிட்டது, தரையில் வெள்ளைக் கோடு போட்டு. ஐந்தாவதாகக் கேட்ட வண்டி நிறுத்தும் கோபுரம் ஒரே வாரத்தில் ஐந்து மாடி எழும்பி நின்றது. பஜாரே கிறுகிறுத்துப் போயிற்று. எதிர்க்கடைக்காரனோடு பத்து வருடமாகப் பேசாதவன்கூட வெளியே வந்து, பாத்தியா வே, பாத்தியா வே என்று தோளைத் தட்டினான். பத்தாயிரம் வாலா சரவெடி இரண்டு முறை வெடித்தது.

பதினோராம் நாள் மாலை, நாற்சந்தியில் நீரூற்று பீச்சியடித்தது. சிவப்பு, பச்சை, நீலம். சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீர்தானாம், ஆனால் யாருக்கு அதைப் பற்றிக் கவலை. நயினாரைத் தோளில் தூக்கிக்கொண்டு நீரூற்றைச் சுற்றி வந்தார்கள். சாரலில் சட்டை நனைய, அவரும் குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். சாக்கடை ஒன்று. விளக்கு இரண்டு. மின்மாற்றி, ஆறடி, கோபுரம். இந்த நீரூற்று ஆறாவது.

ஏழாவது விரலை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். என்னை இறக்கிவிடுங்கள் என்றார். கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மாநகராட்சி வாசல் திறந்ததும் முதல் ஆளாக நயினார் ஜெபசெல்வியின் முன்னால் போய் உட்கார்ந்தார். அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. நடைபாதைக் கடைகள் அனைத்தும் சேதமில்லாமல் தூக்கப்பட்டு, புறவழிச் சாலையில் கல்குவாரிக்குப் பின்னால் ஒதுக்கிய இடத்தில் வைக்கப்படும். கூரை உண்டு, தண்ணீர் உண்டு. ஆள்நடமாட்டம்தான் இல்லை.

"அதை ரத்து பண்ணச் சொல்லும்மா."

"முடியாது அண்ணாச்சி. ஒப்புக்கிட்டதை அஞ்சு வருசத்துக்கு மாத்தக் கூடாதுன்னு பத்தாவதா நீங்கதான் கேட்டிருக்கீங்க. அதைத்தான் அது முதல்ல நிறைவேத்துச்சு."

"எல்லாம் பேரத்துக்கு எழுதினதும்மா."

"அதுக்கு அது தெரியாது. அதனாலதான் உண்மையிலேயே வேணுமான்னு மூணு தடவை கேட்டுச்சு. வேண்டாம்னு ஒரு தடவை சொல்லியிருந்தா விட்டிருக்கும்."

"நான் அது குறைச்சுக் கேக்குதுன்னு நெனச்சேன்" என்றார் நயினார். ஜெபசெல்வி சிரிக்கவில்லை. அவளுடைய அம்மாவும் ஏதோ ஒரு பஜாரில் கூடை வைத்திருந்தவள் என்பது பிற்பாடுதான் அவருக்குத் தெரிந்தது.

கடைக்குத் திரும்பிய நயினார் கல்லாவில் உட்காராமல் தூணுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவளுடைய உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்தது அன்றுதான். எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அப்படித் திட்டியிருந்தால் தேவலை. வெயிலுகந்தாள் கையிலிருந்த சரத்தை முடிந்து கூடையில் வைத்தாள்.

"இத்தன வருசமும் நான் உங்க கடை வாசல்ல உக்காந்திருக்கேன்னு நெனச்சிட்டு இருந்தேன் அண்ணாச்சி. உங்க பேரத்துல சரக்கா இருந்திருக்கேன். அதுக்கு நானும் சேந்து சிரிச்சிருக்கேன் பாருங்க."

நயினாருக்கு அவமானமாக இருந்தது. உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள். நடைபாதைக் கடை என்று அது எதையெல்லாம் சொல்லுகிறது?

அவர் இதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. உடனே ஜெபசெல்விக்குப் போன் போட்டார். சங்கத்தில் பதிவாகாத கடை எதுவோ அதுதான் நடைபாதைக் கடை என்றாள் அவள்.

"அப்ப பதிவாயிட்டா?" வெயிலுகந்தாள் போனுக்கு நேராகக் குனிந்து கேட்டாள். "கடைக்கு முன்னால ஆறடி கடைக்காரவுகளுக்குன்னு கோடு போட்டிருக்காகல்லா. அந்தக் கோட்டுக்குள்ள நான் உக்காந்து, நானும் சங்கத்துல ஆளுன்னா?"

ஜெபசெல்வி இருங்க என்றாள். தட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவளுடைய குரலில் ஒரு துள்ளல். நகரமதி சரி என்கிறது. கடைக்காரர் சம்மதித்துத் தன் ஆறடியில் இடம் கொடுக்க வேண்டும், கூடைக்காரர் சங்கத்தில் முழு உறுப்பினராக வேண்டும். இரண்டும் நடந்தால் அது கோரிக்கைக்கு உட்பட்ட கடையே இல்லை.

"பேருக்கு ஒரு துணை உறுப்பினர்னு போட்டாப் போதாதா?" என்றார் நயினார்.

"உங்க சங்க விதியில அப்படி ஒண்ணு இல்ல அண்ணாச்சி. முழு உறுப்பினர். ஓட்டும் உண்டு."

அந்த ஓட்டில்தான் சிக்கல் இருந்தது. பஜாரில் கடைகள் முந்நூற்று நாற்பது. கூடைக்காரர்கள் எழுநூற்றுப் பன்னிரண்டு. புதன்கிழமை கூட்டத்தில் அய்யம்பெருமாள் எழுந்து நின்று மேசையைத் தட்டினார்.

"வே நயினாரு, அடுத்த வருசம் பட்டியலை எவன் எழுதுவான்னு யோசிச்சீரா? நம்ம சங்கம் நம்ம கையில இருக்காது. நடந்தது நடந்துபோச்சு, விடும். நடைபாதை சுத்தமாச்சுன்னு இரும்."

நயினார் பேசிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். கூடைக்காரர்களைச் சேர்க்க முப்பது பேர்கூடக் கை தூக்கவில்லை. எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவர் வாசலிலும் ஒரு வெயிலுகந்தாள் இருந்தாள். பாவம்தான், ஆனால் ஓட்டு என்கிறார்களே என்று ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தார்கள்.

வாசலில் காத்திருந்த வெயிலுகந்தாளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கோபம் இப்போதுதான் அவள் முகத்தில் ஏறியது.

"நாளைக்கு நாங்க யாரும் வரல. வெள்ளிக்கிழமைக்குப் பெறகு பஜாரு எப்படி இருக்கும்னு முதலாளிமாரு ஒரு நாள் ஒத்திகை பாக்கட்டும்."

வியாழக்கிழமை பஜார் துடைத்துவிட்டது போல இருந்தது. புதுச் சாக்கடை மூடி பளபளத்தது. ஐந்து மாடிக் கோபுரத்தில் நான்கு வண்டிகள் நின்றன. பத்து மணிக்குக் கோவிலுக்குப் போகிற கூட்டம் பூ இல்லையென்று கண்டு அடுத்த தெரு வழியாகப் போயிற்று. பதினொரு மணிக்குக் காய் வாங்க வரும் பெண்கள் வரவில்லை. காய் வாங்க வந்தால்தான் அப்படியே உள்ளே நுழைந்து ஒரு ரவிக்கைத் துணி கிழிப்பார்கள், ஒரு எவர்சில்வர் டப்பா எடுப்பார்கள். வெள்ளரிப் பிஞ்சு விற்கும் குரலும் கொய்யாப்பழக் குரலும் இல்லாத தெருவில், நீரூற்று மட்டும் தன்பாட்டுக்குச் சளசளவென்று பாடிக்கொண்டிருந்தது. நயினார் கடையில் மத்தியானம் வரை ஒரு கரண்டிகூடப் போகவில்லை. அவர் அடிக்கடி தூணுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். காவல் காக்க அங்கே கூடை இல்லை.

ஒரு மணிக்கு முதல் ஆள் வந்தார். எண்ணெய்க்கடைக்காரர். எங்கே வே கையெழுத்து போடணும் என்றார். இரண்டு மணிக்கு நயினார் கடையில் நிற்க இடமில்லை. ஜெபசெல்வி கைத்திரையோடு ஓடி வந்தாள். அவரவர் வீட்டில் இருந்த கூடைக்காரர்களை எல்லாம் வெயிலுகந்தாள் ஆட்டோவில் அள்ளிப்போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கம் கடைக்காரர் கட்டைவிரல், மறுபக்கம் கூடைக்காரர் கட்டைவிரல். எந்தக் கூடை எந்த வாசலில் என்று தகராறு, சமாதானம், மறுபடி தகராறு. இளநீர்க்காரருக்கு இரண்டு கடைக்காரர்கள் போட்டி போட்டார்கள். நயினார் உரக்கப் பேர் வாசித்து வாசித்துத் தொண்டை கட்டிப்போனார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் ஒருநாளும் வியாபாரம் செய்ததில்லை.

நான்கு மணிக்கு ஐம்பத்தாறு பேர் மிச்சம். அத்தனை பேரும் அய்யம்பெருமாளின் துணிக்கடை வாசலில் உட்காருகிறவர்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவரே நடந்து வந்தார்.

"மூணு மாடி கட்டி, ஏசி போட்டு, வாசல்ல பொம்மை வச்சதுக்குத்தான் கூட்டம் வருதுன்னு நெனச்சேன் வே. எல்லாம் கருவேப்பில வாங்க வந்த கூட்டம்னு இன்னைக்குல்லா தெரியுது" என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை நீட்டினார். அடுத்த வருடப் பட்டியல் நாசமாய்ப் போகப்போகிறது என்றும் சேர்த்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு மஞ்சள் வண்டிகள் வரிசையாகப் பஜாருக்குள் நுழைந்தன. எழுநூற்றுப் பன்னிரண்டு பேரும் வெள்ளைக் கோட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர்கள் அவரவர் படியில் நின்றார்கள். ஜெபசெல்வி எல்லாம் சரியாக இருக்கும் என்றுதான் சொல்லியிருந்தாள், ஆனால் அவளும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதல் வண்டி நயினார் கடை முன்னால் நின்று நீளமான கையை மடக்கி இறக்கியது. அந்தக் கை பூக்கூடைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. வெயிலுகந்தாள் கழுத்தில் தொங்கிய சங்க அட்டையை உயர்த்திப் பிடித்தாள்.

வண்டியின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது.

"நகர்த்த வேண்டிய கடை இங்கே இல்லை. வணக்கம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போயிற்று. அங்கேயும் பச்சை. அதற்கடுத்தும் பச்சை. அரை மணி நேரத்தில் கடைசி வண்டியும் வெறுங்கையோடு பஜாரைவிட்டு வெளியேறியபோது, எழும்பிய சத்தத்தில் கோவில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. அன்றுமுதல் பஜாரில் யாரும் நகரமதி என்று சொல்வதில்லை. 'ஒரேவிலை' என்றுதான் பேர். பேரம் பேசத் தெரியாத கடைக்கு அந்த ஊரில் அப்படித்தான் பேர்.

அய்யம்பெருமாள் சொன்னது பலித்தது. அடுத்த சங்கத் தேர்தலில் வெயிலுகந்தாள் செயலாளர். நயினார் தோற்றார். இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு மத்தியானத்தில் வழக்கம்போலக் கூடைக்குக் காவல் இருக்க ஆரம்பித்துவிட்டார். தன் வாசல் தூணில் ஒரு செயலாளர் உட்கார்ந்திருப்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

பட்டியல் கொடுக்கும் நாள் மறுபடி வந்தது. அதே கூடம், அதே திரை. இம்முறை பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், சுண்டல் சுற்றி வந்தது. வெயிலுகந்தாள் கோரிக்கைகளைப் படித்துக்கொண்டே போனாள். ஏழாவதைப் படித்தாள்.

"காலை எட்டு மணியிலேருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் சரக்கு வண்டி எதுவும் பஜாருக்குள்ள வரக் கூடாது."

கடைக்காரர்கள் பக்கம் ஒரே சலசலப்பு. சரக்கு இறங்காத கடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது. நயினார் எழுந்து முன்னால் ஓடினார்.

"வெயிலு, இது பேரம் பேசாதுன்னு உனக்குத் தெரியும்லா?"

"தெரியும் அண்ணாச்சி" என்றாள். "லாரி சக்கரம் கூடையில ஏறாத வாரம் இல்ல, அதான் எழுதினோம்."

"இதனால் முந்நூற்று நாற்பது கடைகளின் வியாபாரம் குறையும். உங்களுக்கு இது உண்மையிலேயே வேண்டுமா?" என்று கேட்டது ஒரேவிலை. அவள் 'ஆம்' என்று அழுத்தினாள். பத்து நிமிடம் அமைதியாகச் சுண்டல் தின்றாள். இரண்டாம் முறை கேட்டது. மறுபடியும் அழுத்தினாள். போன வருடம் தான் அழுத்திய ஒவ்வொரு அழுத்தலும் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் நயினாருக்கு உறைத்தது.

வெயிலுகந்தாள் நாற்காலியைத் திரைப்பக்கமிருந்து அவர் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"இப்ப பத்து நிமிசம் இருக்கு. அது பேசாது. நாம பேசலாம்லா?"

"என்ன வேணும் உனக்கு?"

"உங்க கடைக்குப் பின்னால இருக்க குடோன்ல பாதி."

"குடோனா? எதுக்கு?"

"மத்தியானம் நான் எங்க போறேன்னு நெனச்சிட்டு இருக்கீக?"

"டீ குடிக்க."

கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெயிலுகந்தாள் சிரிக்கவில்லை.

"பஸ் ஸ்டாண்டுல கழிப்பறைக்கு. போக பதினஞ்சு நிமிசம், வர பதினஞ்சு நிமிசம். இருபத்து மூணு வருசமா. இந்த பஜாருல இருக்க பொம்பளைக யாரும் காலையில தண்ணி குடிக்கிறதில்ல அண்ணாச்சி, அது தெரியுமா? பட்டியல் எழுதுறதுக்கு முன்னாலயே அதுகிட்ட இதைத்தான் கேட்டுப் பாத்தோம். கட்டித் தாரேன், பஜாருக்குள்ள இடம் இல்லன்னுச்சு. இடமெல்லாம் உங்கள மாதிரி ஆளுககிட்டல்லா இருக்கு."

எத்தனை வருடம், எத்தனை பட்டியல். வண்ண நீரூற்றை எப்படி யோசித்து எழுதினார் என்பது நயினாருக்கு நினைவுக்கு வந்தது. இது அவருக்குத் தோன்றவே இல்லை. விட்டுக்கொடுப்பதற்காக எழுதும் ஏழில் ஒன்றாகக்கூடத் தோன்றவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் வியாபாரி வியாபாரிதான்.

"பாதின்னா கஷ்டம் வெயிலு. அண்டாவெல்லாம் எங்க வைப்பேன்? கால்வாசி எடுத்துக்க."

வெயிலுகந்தாள் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பப் போனாள்.

"மூணுல ஒரு பங்கு" என்றார் நயினார், முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டே.

"மூணுல ஒண்ணுல ஒருத்திதான் நிக்க முடியும். பொம்பளைக மட்டும் நாங்க நானூறு பேரு."

அய்யம்பெருமாள் பின்னாலிருந்து, கொடுத்துத் தொலையும் வே, என் சரக்கு இறங்கணும் என்றார். திரையில் நிமிடம் குறைந்துகொண்டே வந்தது. கூடம் முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. கடைக்காரர்களும் கூடைக்காரர்களும் கலந்து நின்று, பந்தயம் பார்க்கிறவர்கள் மாதிரி எட்டிப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு இது உண்மையிலேயே வேண்டுமா?" என்று மூன்றாம் முறையும் மரியாதையாகக் கேட்டது ஒரேவிலை.

வெயிலுகந்தாளின் விரல் 'ஆம்' மேல் நின்றது. அவள் நயினாரைப் பார்த்தாள்.

"பாதி" என்றார் நயினார்.

அவள் விரலை நகர்த்தி 'இல்லை' என்பதை அழுத்தினாள். திரை கொஞ்சம் தாமதித்தது. அந்தப் பொத்தானை அந்த ஊரில் அதுவரை யாருமே தொட்டதில்லை.

"நன்றி. நீக்கிவிட்டேன்" என்றது. பிறகு எட்டாவது கோரிக்கையைக் கேட்டது. நயினார் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, அதில் குடோன் சாவி எது என்று தேட ஆரம்பித்தார்.